பைற்றர் மீனுக்குத் துணை எதற்கு?

எமது மாடிக் குடியிருப்பின் மேற்தளத்தில் வசிக்கும் பத்து வயதுச் சிறுமி, சில மாதங்களுக்கு முன்னர் ஒரு மாலைப்பொழுதில் ஜாம் போத்தலொன்றை இரு கைகளாலும் ஏந்தியபடி எனது வீட்டு வாசலில் வந்து நின்றாள். போத்தலினுள்ளே கருநீல நிறத்தில், பட்டுத்துணி போன்ற வாலுடன் ஒரு பைற்றர் மீன். பிறந்தநாளுக்குத் தகப்பனார் வாங்கிக் கொடுத்ததாம்.

"தாத்தா, இது தனிய இருக்குது. பாவம். இதுக்கு ஒரு சோடி வேண்டி விடட்டோ?" என்று கேட்டாள்.

"போத்தல் சின்னனா இருக்குதே பிள்ளை" என்றேன்.

"கடைக்காரர் இதுவே காணும் எண்டவர். இது சேத்துத் தண்ணியிலயும் இருக்குமாம். மேல வந்து காத்துக் குடிக்குமாம்."

இதைக் கேட்டதும் எனக்குச் சிறிது வெட்கமாகப் போய்விட்டது. ஏனெனில், ஏறக்குறைய இதே வாசகங்களை நானும் ஒருகாலத்தில் அச்சில் ஏற்றியவன். எண்பதுகளில், நான் பணியாற்றிய வாரப் பதிப்பின் சிறுவர் பக்கத்தில் நான்கு அங்குல இடம் மிஞ்சியபோது, ஓர் ஆங்கிலச் சஞ்சிகையைப் புரட்டி, போத்தலில் வளரும் அதிசய மீன் என்றொரு பெட்டிச் செய்தியை அவசரமாக எழுதிக் கொடுத்தேன். அதை வாசித்து எத்தனை சிறுவர்கள் போத்தலும் கையுமாகக் கடைக்குப் போனார்களோ! அக்காலத்தில் யாரும் அதற்குத் திருத்தம் கேட்கவில்லை. மீனுக்கு ஆசிரியருக்குக் கடிதம் எழுதத் தெரியாது.

அந்தச் செய்தியில் பொய் எதுவும் இருக்கவில்லை. பாதி உண்மைதான் இருந்தது. பத்திரிகைத் தொழிலில் பொய்யைவிட அதிக சேதம் விளைவிப்பது அதுவே.

இந்த மீனின் தாயகம் தாய்லாந்து. அங்குள்ள வயல்களிலும் சதுப்புகளிலும் புல் நிறைந்த ஆழமற்ற நீர்நிலைகளிலும் இது வாழ்கிறது. நீரில் ஒட்சிசன் குறைவாக இருக்கும் அத்தகைய இடங்களில் பிழைப்பதற்காக, செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பை இயற்கை அதற்கு அளித்திருக்கிறது. நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி, அதிலிருந்து ஒட்சிசனைப் பெற்றுக்கொள்ளும். கடைக்காரர் சொன்னதும் நான் எழுதியதும் இதுவரைக்கும் சரி. ஆனால், வயலில் நீரின் ஆழம் கையளவாக இருந்தாலும் அதன் பரப்பு எவ்வளவு என்பதை நாம் இருவருமே சொல்லவில்லை. ஆழம் குறைந்த நீர் வேறு, அளவு குறைந்த நீர் வேறு.

மூச்சுக்கு வழி இருப்பதனால் போத்தலில் உள்ள மீன் உடனே சாவதில்லை. அதுவே அதன் துரதிர்ஷ்டமாகவும் அமைந்துவிட்டது. தங்கமீனைப் போத்தலில் அடைத்தால் விரைவிலேயே அது நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு நாமே பதறிப்போவோம். பைற்றரோ சத்தமின்றிப் பொறுத்துக்கொள்ளும். மீன் தனது செவுள்களால் அமோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட உணவும் அழுகி அமோனியாவாகிறது. குளத்திலோ வயலிலோ நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. அரை லீற்றர் போத்தலில் அந்த நுண்ணுயிர்கள் நிலைகொள்ள இடமேது? நாள்தோறும் அமோனியா ஏறிக்கொண்டே போகும். முழு நீரையும் கொட்டிப் புதிதாக நிரப்பினாலோ அந்தத் திடீர் மாற்றமே இன்னொரு தாக்குதல். வால் கிழிவதும், நிறம் மங்குவதும், அடியில் சுருண்டு கிடப்பதும் இவ்வாறு வருபவைதாம். "மூன்று மாதம் இருந்தது, ஆயுள் அவ்வளவுதான்" என்று சொல்லிப் புதியதொன்றை வாங்கப் போகிறோம். ஒழுங்காகப் பராமரித்தால் இரண்டு மூன்று ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கும் கூடுதலாக வாழக்கூடிய மீன் இது.

ஆகவே, சிறுமியின் தகப்பனாரிடம் நான் முதலில் கேட்டுக்கொண்டது தொட்டியைத்தான். இருபது லீற்றர் என்பதை ஆகக் குறைந்த அளவாகக் கொள்ளலாம். உயரத்தைவிட நீளம் கூடியதாக இருத்தல் நல்லது. அந்தப் பாரமான வாலைச் சுமந்துகொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே ஏறி வரவேண்டிய மீன் அல்லவா? துள்ளும் பழக்கம் இருப்பதால் மூடி அவசியம். ஆனால் மூடிக்கும் நீருக்கும் இடையில் காற்றுக்கு இடைவெளி இருக்கவேண்டும். வடிகட்டி மெதுவாக ஓடவேண்டும். வேகமான நீரோட்டத்தில் இது களைத்துப்போகும். இலைச் செடிகள் சில இருந்தால் அவற்றின் மேல் சாய்ந்து இளைப்பாறும். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றினால் போதும்.

எல்லாவற்றிலும் கடினமானது காத்திருப்பு. புதிய தொட்டியில் நான் மேலே சொன்ன நுண்ணுயிர்கள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். தொட்டியை ஆயத்தம் செய்த பின்னரே மீன் வாங்கவேண்டும் என்பதே முறை. எமது சிறுமியின் வீட்டில் மீன் முந்திவிட்டது. அதனால் முதல் ஒரு மாதம் இரண்டு நாட்களுக்கொரு தடவை சிறிது சிறிதாக நீர் மாற்றி ஒருவாறு சமாளித்தார்கள்.

கொழும்பின் வெப்பத்துக்கு வேறு சூடு தேவையில்லை. நீர் 25 முதல் 28 பாகை செல்சியஸ் வரையில் இருந்தால் இந்த மீன் சுகமாக இருக்கும். நுவரெலியாவிலோ, லண்டனிலோ, ரொறன்ரோவிலோ இருப்பவர்கள் ஹீற்றர் இன்றி இதனை வளர்க்க முற்படுவது வீண். குளிரூட்டிய அலுவலக மேசையும் அவ்வாறே. குழாய்நீரில் உள்ள குளோரின் ஒருநாள் திறந்து வைத்தால் நீங்கிவிடும். வட அமெரிக்க நகரங்கள் பலவற்றில் குளோரமைன் கலக்கிறார்கள். அது காற்றில் போகாது, கடையில் விற்கும் நீக்கி மருந்து தேவை.

இனி, சோடி விடயத்துக்கு வருவோம்.

இந்த மீனை மனிதர் வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன என 2022இல் வெளியான மரபணு ஆய்வொன்று கூறுகிறது. அழகுக்காக மாத்திரம் வளர்த்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும். சேவற் சண்டை போன்று பந்தயம் கட்டி மோதவிடுவதற்காகத் தலைமுறை தலைமுறையாக மூர்க்கமானவற்றையே தெரிந்தெடுத்து இனம்பெருக்கினார்கள். 1840இல் சியாம் மன்னர் மூன்றாம் ராமா கொடுத்த மீன்கள் தியடோர் கன்ரர் என்ற டென்மார்க் மருத்துவரின் கைக்கு வந்தன. 1849இல் அவர் அதற்குச் சண்டைக்காரன் எனப் பொருள்படும் இலத்தீன் பெயரொன்றைச் சூட்டினார். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு மீனுக்கு உரியது என்று கண்ட பிரித்தானிய அறிஞர் சார்ள்ஸ் ரேற் றீகன், 1910இல் இதற்கு ஒளிமிக்கது என்னும் கருத்தில் பெற்றா ஸ்பிளென்டன்ஸ் எனப் பெயரிட்டார். வேடிக்கை என்னவெனில், சண்டைக்காரன் என்ற பெயரோடு இன்றும் இருக்கும் அந்த மற்ற மீன் ஓரளவு சாதுவானது. முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும் தந்தை அது. 2019இல் தாய்லாந்து அரசு பெற்றா மீனைத் தனது தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

ஆகவே, இன்னொரு ஆணை அதனுடன் விடுவது என்பது மோதலுக்கு நாள் குறிப்பது. பெண் மீனையும் சேர்த்து வைக்கவியலாது. நுரைக்கூடு கட்டி முட்டை இட்டு முடிந்ததும் ஆண் அதனை விரட்டி விரட்டிக் கடிக்கும். சிறிய தொட்டியில் ஓடி ஒளிய வழியில்லை. கப்பி மீனின் வண்ண வாலைக் கண்டால் எதிரியென்று பாயும். புலி பார்ப் மீனோ பைற்றரின் வாலைக் கொத்திப் பிய்த்துவிடும். தங்கமீனுக்கு வேண்டியது குளிர்ந்த நீரும் பெரிய தொட்டியும், கழிவும் அதிகம்.

துணை வேண்டியதுதான் என்று பிடிவாதம் பிடிப்போருக்கு முதலில் ஒரு நத்தையைச் சொல்வேன். எழுபது, எண்பது லீற்றர் தொட்டி வைத்திருப்போர், அடியில் மேயும் கொரிடோராஸ் மீன்கள் ஆறினையோ, எமது நாட்டுச் செரி பார்ப் கூட்டமொன்றையோ விட்டுப் பார்க்கலாம். செரி பார்ப் இலங்கைக்கே உரிய மீன். ஈரவலயத்து நிழல் ஓடைகளில் வாழ்வது. பி. ஈ. பி. தெரணியகல 1929இல் அதனை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை, அவற்றையே வாங்கவேண்டும், ஓடையில் அள்ளக்கூடாது. இவ்வளவு செய்தாலும் மீனுக்கு மீன் சுபாவம் வேறுபடும். பிரித்து வைக்க இன்னொரு தொட்டி கைவசம் இல்லாதவர் இதில் இறங்காதிருப்பதே நன்று.

எனது அபிப்பிராயத்தில், தனிமை என்பது நாம் அதன்மேல் ஏற்றிவைத்த துயரம். ஒவ்வொரு ஆணும் தனக்கெனச் சிறிது இடத்தைப் பிடித்துக்கொண்டு பிறரை விரட்டி வாழும் இனம் இது. அதற்குக் குறைவாக இருப்பது நீர்தான், துணையல்ல. கடைகளில் இருபது முப்பது போத்தல்களை அடுத்தடுத்து அடுக்கி வைத்திருப்பதைப் பாருங்கள். கண்ணாடிக்கு அப்பால் எந்நேரமும் எதிரி. செவுளை விரித்து அவை காட்டும் கோபத்தைத்தான் நாம் அழகு என்று காசு கொடுத்து வாங்குகிறோம். போத்தல்களுக்கு இடையே ஓர் அட்டைத் துண்டை வைக்க எவ்வளவு செலவாகும்? 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச்சட்டம், சிறைப்பட்ட மீனையும் மிருகம் என்ற சொல்லுக்குள் அடக்கியிருக்கிறது. போத்தல் மீனுக்காக எவரும் நீதிமன்றம் சென்றதாக எனது செய்தியாளர் வாழ்க்கையில் நான் அறியேன். வாங்குவோர் கேட்டால் கடைக்காரர் செய்வார். தொட்டியின்றி வருபவருக்கு மீனை விற்காமல் விடுவதற்கும் நாமே அவர்களைப் பழக்கவேண்டும்.

சிறுமியிடம் சோடி வேண்டாம் என்று சொன்னபோது முகம் வாடிவிட்டது. நத்தை என்றதும் சிரித்தாள். சென்ற ஞாயிறு மேலே போய்ப் பார்த்தேன். மீன் செடியின் மேல் சாய்ந்திருந்தது. கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்த நத்தையை அது திரும்பியும் பார்க்கவில்லை. ஜாம் போத்தலில் ஒரு மணிபிளான்ற் கொடி வேர் விட்டிருந்தது.

"தாத்தா, நத்தைக்கு ஒரு சோடி வேண்டுவமோ?" என்று கேட்டாள்.