மூன்று முகவரி எழுதினால் ஆய்வாகிவிடுமா?

இன்று எழுதப்போவது சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

நம் தமிழ்ப்பள்ளிகளில் படிநிலை இரண்டு மாணவர்களுக்கு 'பழங்கால நூல்நிலையங்கள்' என்பது போன்ற தலைப்புகளைக் கொடுத்து, ஆய்வு இடுபணி செய்து வரச் சொல்லுகிறோம். தலைப்பில் குறையில்லை. மிக நல்ல தலைப்பு. குறை, அதற்கு நாம் அணியப்படுத்தும் மதிப்பீட்டுத் தாளில் இருக்கிறது. அட்டை அழகுக்குப் புள்ளி, படங்களுக்குப் புள்ளி, கையெழுத்துக்குப் புள்ளி, கடைசியில் 'மேற்கோள் மூலங்கள் குறைந்தது மூன்று' என்று ஒரு வரி. மாணவன் மூன்று இணைய முகவரிகளை எழுதிவிட்டால் அந்த வரிக்கு முழுப் புள்ளி. அந்த மூன்று பக்கங்களையும் எழுதியவர் யார், எப்போது எழுதினார், அவருக்கு எப்படித் தெரியும், மூவரும் ஒரே இடத்திலிருந்து படியெடுத்தவர்களா என்று கேட்க அந்தத் தாளில் இடமே கிடையாது. இதற்கு ஆய்வு என்று பெயர் சூட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். இது எண்ணுகிற பயிற்சி. எடைபோடுகிற பயிற்சி அன்று.

இத்தலைப்பில் என் மேசைக்கு வந்த ஒரு கட்டுத் திரட்டேடுகளைப் புரட்டினேன். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அலெக்சாண்டிரியா நூல்நிலையம் இருந்தது. எல்லாவற்றிலும் ஏழு இலட்சம் நூல்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரே இரவில் அது எரிந்தது. ஆனால், எரித்தவர் மட்டும் ஏட்டுக்கு ஏடு மாறினார்! ஓர் ஏட்டில் சூலியசு சீசர், இன்னொன்றில் கலீபா உமர், மற்றொன்றில் கிறித்துவக் கூட்டம். மூன்று ஏடுகளுக்கும் 'நன்று' என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. ஒன்றுக்கொன்று பொருந்தாத மூன்று விடைகள் எப்படி மூன்றும் நன்றாக இருக்க முடியும்? கணிதத்தில் இப்படித் திருத்துவோமா?

அட்டைப் படங்களைப் பற்றியும் ஒரு சொல். உயர்ந்த தூண்களுக்கு நடுவே முதியவர்கள் சுருள் ஏடுகளைப் படிக்கும் அந்தப் பெயர்பெற்ற ஓவியம், 19ஆம் நூற்றாண்டில் செருமானிய ஓவியர் ஒருவர் கற்பனையில் வரைந்தது. அலெக்சாண்டிரியா நூல்நிலையம் இதுதான் என்று அடையாளம் காட்டத்தக்க ஒரு சுவர்கூட இன்றுவரை அகழாய்வில் கிடைக்கவில்லை. சில ஏடுகளில் ஒட்டியிருந்த நிழற்படமோ துருக்கியில் எபேசு நகரத்தில் உள்ள செல்சசு நூல்நிலையத்தின் முகப்பு. அது கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நாடு வேறு, காலம் வேறு.

சரி, தீக்கு வருவோம். கி.மு. 48இல் சீசர் அலெக்சாண்டிரியாவில் போரில் சிக்கித் துறைமுகத்திலிருந்த கப்பல்களுக்குத் தீ வைத்தார். இதைச் சீசரே எழுதியிருக்கிறார். நூல்நிலையம் எரிந்ததாக அவர் எழுதவில்லை. எரித்தவரே எழுதும்போது தமக்கு இழுக்கானதை விட்டுவிடுவார் என்று நாம் ஐயுறலாம், ஐயுறவும் வேண்டும். அதற்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்நகரில் தங்கிய இசுட்ராபோ என்னும் நிலவியலார், அறிஞர்கள் கூடியுண்ணும் மண்டபம்வரை விரித்து எழுதுகிறார். நூல்நிலையத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. தீ நடந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து எழுதிய செனக்கா, 40,000 நூல்கள் எரிந்தன என்கிறார். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழித்து எழுதிய புளூட்டார்க்குதான் அந்தத் தீ பரவிப் பெரிய நூல்நிலையத்தையே அழித்தது என்கிறார். 3ஆம் நூற்றாண்டில் எழுதிய தியோ காசியசு என்பவரோ, துறைமுகத்தை ஒட்டிய தானியக் கிடங்குகளும் நூல்கள் இருந்த கிடங்குகளும் எரிந்தன என்கிறார். ஏழு இலட்சம் என்ற எண் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் செல்லியசு என்பவரின் நூலில் வருகிறது. நிகழ்ச்சியை விட்டுத் தள்ளிப்போகப் போக எண் பெருப்பதைக் கவனித்தீர்களா? கிரேக்க எழுத்தாளர்களாக நமக்குத் தெரிந்தவர்களின் தொகையைக் கொண்டு பார்த்தால் இத்தகைய எண்கள் நம்பத்தக்கவை அல்ல என்று 2002இல் ரோசர் பேக்னல் என்ற வரலாற்றறிஞர் விரிவாக எழுதினார். இந்த எண்ணைத்தான் நம் பிள்ளைகள் வண்ணப் பேனாவால் அடிக்கோடிட்டிருக்கிறார்கள்.

உமர் கதை இன்னும் மோசம். எகிப்தை அரபுப் படை கைப்பற்றியது 640களின் தொடக்கத்தில். நூல்கள் திருக்குர்ஆனோடு ஒத்திருந்தால் தேவையில்லை, முரண்பட்டால் கேடு. ஆகவே அழித்துவிடுக என்று கலீபா கட்டளையிட்டதாகவும், அவற்றைக் கொண்டு நகரத்துக் குளியலறைகளுக்கு ஆறு மாதம் வெந்நீர் போட்டதாகவும் கதை. இக்கதை நமக்குக் கிடைக்கும் நூல்களில் 1200ஆம் ஆண்டையொட்டித்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. 1248இல் மறைந்த இப்னு அல்-கிஃப்தி அதை விரித்தெழுதினார். நிகழ்ச்சிக்கும் கதைக்கும் இடையில் ஐந்தரை நூற்றாண்டு! எகிப்து வீழ்ந்த அதே நூற்றாண்டில் வாழ்ந்த நிக்கியு நகரத்துக் கிறித்துவ ஆயர் யோவான் அப்படையெடுப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். நம்மிடம் எஞ்சியுள்ள அவருடைய நூலில் இந்தக் கதை இல்லை. அதைவிட வேடிக்கை, நூல்களைத் தமக்குத் தரும்படி அரபுத் தளபதியிடம் வேண்டியதாகக் கதையில் வரும் இலக்கண அறிஞர் யோவான், 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். படையெடுப்புக்குப் பல பத்தாண்டுகள் முன்பே மறைந்தவர். 1663இல் ஆக்சுபோர்டில் எட்வர்ட் போக்கோக் இலத்தீனில் வெளியிட்ட மொழிபெயர்ப்பு வழியே இக்கதை ஐரோப்பாவில் பரவிற்று. அங்கேயே கிப்பன் முதலிய வரலாற்றாசிரியர்கள் இதை ஐயுற்று எழுதிவிட்டார்கள். அதன் பிறகும் அது இணையத்தில் ஏறி, புலனத்தில் வலம்வந்து, நம் ஆறாம் ஆண்டு மாணவனின் திரட்டேட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பவர்கள் உண்டு. இம்மாணவன் அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போவான். அங்கே மலாய் நண்பனுக்குப் பக்கத்தில் அமர்வான். 'உங்கள் கலீபாதானே உலகத்து நூல்நிலையத்தை எரித்தார்' என்று ஒருநாள் சொல்லிவைப்பான். எங்கே படித்தாய் என்று கேட்டால், 'தமிழ்ப்பள்ளியில் இடுபணி செய்தேன், ஆசிரியர் நன்று போட்டார்' என்பான். பல இனம் கூடி வாழும் இந்நாட்டில் ஐந்தரை நூற்றாண்டு பிந்திய ஒரு கதைக்கு நாம் பள்ளி முத்திரை குத்திக் கொடுக்கிறோம்.

நாளந்தாவுக்கும் இதே கதிதான். அதன் நூல்நிலையம் மூன்று மாதம் எரிந்தது என்று எழுதாத ஏடு இல்லை. பக்தியார் கில்சியின் படையெடுப்பைப் பற்றி நமக்குள்ள பழைய சான்று, 1260 அளவில் பாரசீக மொழியில் மின்காசு எழுதிய நூல். படையில் இருந்த ஒருவர் வாய்க் கேட்டு எழுதியது. மழித்த தலையினர் கொல்லப்பட்டதையும், ஏராளமான நூல்கள் கிடைத்ததையும், அவற்றைப் படித்துச் சொல்ல ஆளில்லாமற் போனதையும் அவர் சொல்கிறார். மூன்று மாதத் தீயைச் சொல்லவில்லை. அவர் குறிப்பிடும் இடமும் நாளந்தா அன்று, அருகிலுள்ள ஓதந்தபுரி என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. 1230களில் நாளந்தாவுக்கு வந்த திபெத்தியத் துறவி தர்மசுவாமி, சிதைந்த நிலையிலும் அங்கே முதிய ஆசிரியர் ஒருவர் எழுபது மாணவர்களுக்குப் பாடம் நடத்தியதைக் கண்டு எழுதினார். 17, 18ஆம் நூற்றாண்டுத் திபெத்திய நூல்கள் வேறொரு தீயையும் வேறு ஆட்களையும் சொல்கின்றன. படையெடுப்பே நடக்கவில்லை என்றோ யாரும் துன்புறவில்லை என்றோ நான் சொல்லவில்லை. எவர் எதைக் கண்டார், எவர் எதைக் கேட்டார், எவர் பிற்காலத்தில் சேர்த்தார் என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

இதுவரை தலையசைத்துக்கொண்டு வந்த அன்பர்கள் சிலர் அடுத்த பத்தியில் சினம் கொள்வார்கள். சில திரட்டேடுகளில் 'உலகின் முதல் நூல்நிலையம் கடல்கொண்ட தென்மதுரையில் இருந்தது' என்று எழுதப்பட்டிருந்தது. மூலம் கேட்டால் ஒரு முகநூல் பதிவு. முச்சங்க வரலாற்றை விரித்துச் சொல்லும் பழைய சான்று இறையனார் அகப்பொருள் உரை. அது கி.பி. 8ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். முதற்சங்கம் 4,440 ஆண்டு நடந்தது என்கிறது அவ்வுரை. முதுநாரை, முதுகுருகு என நூற்பெயர்களும் சொல்கிறது. நூல்நிலையக் கட்டடம் என்ற பேச்சு அதில் இல்லை. அந்த உரையை நான் போற்றுகிறேன். தமிழர் தம் மறைந்துபோன நூல்களைப் பற்றி என்ன நினைவு வைத்திருந்தனர் என்பதற்கு அது அரிய சான்று. ஆனால், உமர் கதைக்கு ஐந்தரை நூற்றாண்டு இடைவெளி இடிக்கிறது என்றால், நம் கதைக்குப் பல ஆயிரம் ஆண்டு இடைவெளி இடிக்கத்தானே வேண்டும்? பிறர் கதைக்கு ஒரு தராசு, நம் கதைக்கு ஒரு தராசு என்று வைத்தால் பிள்ளைகள் அதை உடனே கண்டுகொள்வார்கள். நாளை கீழடியைப் பற்றி நாம் சான்றோடு சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

எல்லாமே ஐயத்துக்குரியது என்று சொல்லிக் கைகழுவுவதும் என் நோக்கம் அன்று. நினிவேயைப் பாருங்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட அசிரிய மன்னன் அசுர்பனிபாலின் நூல்நிலையம். 1850ஆம் ஆண்டையொட்டி லேயார்டும், 1853இல் ஓர்முசுத் ரசாமும் தோண்டியெடுத்தவை, சில்லுகளையும் சேர்த்து 30,000க்கு மேல், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எல்லாம் களிமண் பலகைகள். கி.மு. 612இல் நினிவே வீழ்ந்தபோது மூண்ட தீ, அலெக்சாண்டிரியாவின் சுருள்களாயின் சாம்பலாக்கியிருக்கும். இங்கே களிமண்ணைச் சுட்டு இறுக்கிக் காத்துவிட்டது. பல பலகைகளின் அடியில் இது அசுர்பனிபாலின் அரண்மனைக்கு உரியது என்ற குறிப்பே பொறிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 1872இல் சார்சு சுமித் படித்துக் காட்டிய வெள்ளக் கதைப் பலகையின் எண் கே.3375. அந்த எண்ணை அருங்காட்சியகத்தின் இணையத் தொகுப்பில் தட்டினால் படம் வரும், அளவு வரும், கிடைத்த இடம் வரும். இங்கும் சிக்கல் இல்லாமலில்லை. தோண்டியவர்கள் வெவ்வேறு இடத்துப் பலகைகளைக் கலந்துவிட்டார்கள். இருந்தாலும் இது கையால் தொடத்தக்க சான்று. என் மேசைக்கு வந்த கட்டில் நினிவேக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் இரண்டு வரி. சதி இல்லாததால் சுவை குறைவு போலும்!

விக்கிப்பீடியாவுக்குத் தடை என்று சில பள்ளிகளில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். வீண் வேலை. அங்கே கட்டுரையின் அடிக்குறிப்பையாவது பார்க்கலாம். பிள்ளைகள் அதைத் தவிர்த்துவிட்டு அடிக்குறிப்பே இல்லாத பக்கங்களுக்குப் போகிறார்கள், அல்லது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்கிறார்கள். அது தங்குதடையின்றி நல்ல தமிழில் விடை தரும். சமயத்தில் இல்லாத நூலுக்கும் பெயர் சொல்லும். தடைசெய்ய வேண்டியது எந்தத் தளத்தையும் அன்று. கேள்வி கேட்காமல் படியெடுப்பதை.

பெற்றோர்களே, உங்களுக்கும் பங்குண்டு. நள்ளிரவு வரை நீங்கள் தட்டச்சுச் செய்து, மறுநாள் கடையில் வண்ணத்தில் அச்சிட்டுக் கம்பிச்சுருள் போட்டு அனுப்பும் ஏட்டுக்கு நாங்கள் போடும் புள்ளி உங்களுக்கு உரியது. பிள்ளைக்கு அதில் கிடைத்தது தூக்கம் மட்டுமே.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் மிகை என்று ஆசிரிய நண்பர்கள் கூறுவார்கள். ஓய்வுநேரத்தில் திடலுக்குப் போய்ப் பாருங்கள். 'உன்னை அவன் திட்டினான்' என்று ஒருவன் வந்து சொன்னால் மற்றவன் முதலில் கேட்பது, 'யார் சொன்னது? நீ பக்கத்தில் இருந்தாயா?' என்பதுதான். தன் காரியம் என்று வரும்போது சான்றை எடைபோட அவனுக்குத் தெரிகிறது. வகுப்பறையில் 423ஆம் குறளை மனனம் செய்யவைத்துப் புள்ளி போடும் நாம்தான், இடுபணி என்று வந்ததும் அதை அவனிடம் கேட்பதில்லை.

ஆகவே நான் கேட்பது இதுதான். பத்து நூல்நிலையம் வேண்டாம், ஒன்று போதும். அதைப் பற்றி ஒரே ஒரு செய்தியை மாணவன் எடுத்துக்கொள்ளட்டும். அதைச் சொன்னவர்களை வரிசைப்படுத்தி, நிகழ்ச்சிக்கு எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னார், கண்டு சொன்னாரா கேட்டுச் சொன்னாரா, சொல்வதில் அவருக்கு என்ன ஆதாயம் என்று ஒரே ஒரு பக்கம் தன் கையெழுத்தில் எழுதட்டும். சீசர் தீயைப் பற்றி மேலே நான் சொன்ன ஐவரையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு முதல்நாள் நாமே செய்து காட்டலாம். ஒரு பாடவேளை போதும். அட்டை அழகுக்கு ஒதுக்கிய புள்ளி முழுவதையும் அந்த ஒரு பக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். தலைமையாசிரியர் கேட்டால் விளக்கம் சொல்ல நானும் உடன்வருகிறேன்.