குறி பார்த்துச் சுட எது நல்லது? .315-ஆ, .22-ஆ?

இலக்குப் பயிற்சிக்காக ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்க நினைப்பவர் முன்னால், நம் நாட்டில் வெகுகாலமாக இரண்டு பெயர்கள் வந்து நிற்கின்றன. ஒன்று .315 ஸ்போர்ட்டிங் ரைஃபிள். மற்றொன்று .22. இரண்டுமே மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் உருவானவை. எதை எடுப்பது?

பெரும்பாலோர் கண் .315 மீதுதான் போகும். பெரிய தோட்டா, பெரிய சத்தம், கொஞ்சம் கெத்து!

ஆனால் .315 பிறந்த கதையே வேறு. ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்கார அரசு நினைத்தது. அதனால் லீ என்ஃபீல்டு அமைப்பிலேயே வேறு அளவுத் தோட்டாவுக்கு ஒரு துப்பாக்கி வந்தது. வேட்டைக்கும் காவலுக்கும்தான் அது பயன்பட்டது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்கும் வழியில்லை. இன்று பல வீடுகளில் அது கௌரவத்துக்காக இருக்கிறது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான்.

சரி, துல்லியத்துக்கு வருவோம். .315 தோட்டாவின் குண்டு 15 கிராமுக்கு மேல். .22 குண்டு சுமார் 2.6 கிராம். குண்டு கனமானால் தோளில் விழும் உதையும் பலமாகும். பத்து முறை உதை வாங்கியவர், பதினோராவது முறை விசையை அழுத்தும்போதே கண்ணை மூடிவிடுவார். குறி தவறுவது அங்கேதான். துப்பாக்கி மேல் பழிபோட்டுப் பயனில்லை.

.22-ல் இந்தத் தொல்லை இல்லை. தோட்டா விலையும் குறைவு. அதனால் நிறையச் சுடலாம். என்.சி.சி. முகாமில் .22 டீலக்ஸ் ரைஃபிளோடு படுத்து, 25 கஜத்தில் குரூப்பிங் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

"காற்றடித்தால் .22 விலகிப் போகுமே" என்று கேட்கலாம். உண்மைதான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது 2.6 கிராம் எம்மாத்திரம்? ஒலிம்பிக்கின் 50 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர். பக்கக் காற்று பலமாக அடித்தால் பத்து எட்டாகிவிடும். ஆனால் அந்தக் காற்றைக் கணிக்கப் பழகுவதுதானே பயிற்சி! 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கோலாப்பூர்க்காரரான ஸ்வப்னில் குசாலே, 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றதும் .22 அளவில்தான்.

இடமும் முக்கியம். வயலும் தோப்பும் ஊரும் அடுத்தடுத்து இருக்கும் வைகைச் சமவெளியில் .315-ஐ எங்கே வைத்துச் சுடுவது? .22 குண்டே ஒரு கிலோமீட்டர் தாண்டிப் போகும். முறையான சுடுதளத்துக்கு வெளியே எதைச் சுட்டாலும் யாரோ ஒருவரின் உயிரோடு விளையாடுவதுதான்.

ஆகவே .22-தான் சரி. ஆனால் முதல் நாளே சொந்தமாக வாங்க வேண்டாம். ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து, அங்குள்ளதைச் சுட்டுப் பழகலாம். ஒரே ரைஃபிள்கூட ஒரு வகைத் தோட்டாவுக்கு நெருக்கமான குரூப்பிங்கும், வேறு வகைக்குச் சிதறலும் தரும். அதையெல்லாம் பார்த்த பிறகு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

சத்தம் வேண்டுமென்றால் தீபாவளிக்குக் காத்திருக்கலாம். குறி வேண்டுமென்றால் .22 போதும்.