மருந்து யாருடைய சொத்து?

'விருந்தும் மருந்தும் மூன்று நாள்' என்பது நம் முன்னோர் வாக்கு. விருந்துக்கு அது பொருந்தலாம். ஆனால் 'ஆன்டிபயாடிக்' என்று நாம் வழங்கும் நுண்ணுயிர்க் கொல்லி மருந்துக்கு அதைப் பொருத்திப் பார்ப்பது ஆபத்தாகும். மருத்துவர் ஐந்து நாளைக்கு எழுதித் தருகிறார். இரண்டாம் நாளே காய்ச்சல் விடுகிறது. மீதி மாத்திரை அலமாரிக்குப் போகிறது. அடுத்த மாதம் தம்பிக்குச் சளி பிடித்தால் வெளியே வருகிறது. 'என் காசில் வாங்கிய மருந்து, என் விருப்பம்' என்பது பலரது எண்ணம். அவ்வெண்ணம் தவறு என்பதே என் கருத்து.

நமது குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்குத் தீங்கு செய்யாதவை. செரிமானத்திற்குத் துணை செய்பவையும் உண்டு. நாம் விழுங்கும் மருந்து நோய்க்கிருமியை மட்டும் தேடிச் சென்று கொல்வதில்லை, இவற்றையும் தாக்குகிறது. வலுவற்றவை மடிகின்றன. மருந்தைத் தாங்கும் தன்மையுள்ள சில பிழைத்து, காலியான இடத்தில் பெருகுகின்றன. ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் புகையான் பூச்சி அதற்கு அடங்காமற் போகும். நெல் விளையும் திருவிடைமருதூர் வட்டாரத்தில் பிறந்த நமக்கு இது புதிய செய்தியன்று. ஆனால் பாக்டீரியாவிடம் மற்றொரு வித்தையும் உண்டு. மருந்தை எதிர்க்கும் மரபணுவை அது அருகிலிருக்கும் வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிக் கொடுத்துவிடும்! ஆகவே நோயே இல்லாத ஒருவரும் இத்தகைய பாக்டீரியாவைக் குடலில் சுமந்து திரியலாம். அது கழிப்பிடத்திலிருந்து சாக்கடைக்கும், சாக்கடையிலிருந்து நீருக்கும், கழுவாத கையிலிருந்து உணவுக்கும் செல்கிறது.

இது வெறும் அச்சமூட்டல் அன்று. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமியும் பிற நாட்டு விஞ்ஞானிகளும் 2010ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். 'கார்பபெனெம்' என்னும் மருந்துகள் கடைசி ஆயுதமாக வைத்திருக்கப்படுபவை. அவற்றையும் சிதைக்கும் 'என்.டி.எம்.-1' என்ற நொதியைக் கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையில் 44, அரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிருமி மாதிரிகளில் காணப்பட்டன. அவற்றுள் மிகுதியானவை குடலில் வாழும் இனங்களே. பிரிட்டன் நோயாளிகளில் பலர் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ வந்து சென்றவர்கள். கிருமிக்குக் கடவுச்சீட்டும் இல்லை, சுங்கச் சாவடியும் இல்லை.

அந்த நொதியின் பெயரில் புதுடில்லி இடம்பெற்றிருந்ததால் நாட்டில் பெருங்கோபம் எழுந்தது. அக்கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் 2011ஆம் ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வைப் பாருங்கள். புதுடில்லியில் தேங்கிய, கசிந்த நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51லும், குழாய்க் குடிநீரில் எடுத்த 50 மாதிரிகளில் இரண்டிலும் அந்த மரபணு இருந்தது. பெயருக்காக நாணினோம், குடிநீரில் சாக்கடை கலப்பதற்காக நாணினோமா?

நல்ல முயற்சிகளும் நடந்துள்ளன. 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்கள் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் முதல் 'எச்-1' அட்டவணையிலுள்ள மருந்துகளை விற்கும் கடைக்காரர், நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி நடப்பில் உள்ளது. ஆயினும் சீட்டில்லாமல் மாத்திரை கேட்கும் கை நம் கையாக இருக்குமானால், எந்தச் சட்டம் என்ன செய்யும்?

'ஏழை என்ன செய்வான்? மருத்துவரிடம் போனால் ஒரு நாள் கூலி போகும். கையிலுள்ள பணத்துக்கு இரண்டு மாத்திரை வாங்கத்தானே முடியும்?' என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வியை அலட்சியம் செய்யலாகாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் முழு அளவு மருந்தும் இலவசமாகவே கிடைக்கிறது. அதை அறியாத அண்டை வீட்டாருக்கு எடுத்துச் சொல்வது படிக்கும் பெண்களாகிய நம் கடமை. மேலும், சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் பெரும்பாலும் காரணம் வைரஸ். அதன்மேல் இம்மருந்து வேலை செய்யாது. வயிற்றுப்போக்கு பெரும்பாலும் உப்புச் சர்க்கரைக் கரைசலாலேயே சமாளிக்கக்கூடியது. மலத்தில் இரத்தம், கடுங்காய்ச்சல், சோர்வு ஆகியவை கண்டால் மருத்துவரிடமே செல்ல வேண்டும். மருந்துக் கடைக்கு அன்று.

காவிரி நீரை முறை வைத்துப் பாய்ச்சும் ஊர் நம் ஊர். மேல்மடைக்காரர் வீணாக்கினால் கடைமடை காயும். இம்மருந்தும் அத்தகைய பொதுச் சொத்தே. இதன் கடைமடையில் இருப்பவர் யார்? பிறந்து சில நாளே ஆன குழந்தை, அறுவை சிகிச்சை முடித்த தாய், புற்றுநோயுடன் போராடும் நோயாளி. அவர்களுக்குத் தொற்று வரும் நாளில் மருந்து பலிக்க வேண்டும்.

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே, குறைந்த அளவில் மருந்துண்டால் கிருமி அதை எதிர்க்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார். ஆதலின் தோழியரே, பெற்றோரே, மருத்துவர் சொன்னால் மட்டும், சொன்ன அளவில், சொன்ன நாள்வரை உண்போம். மீந்ததைப் பிறருக்குக் கொடுக்க வேண்டாம். சோப்பிட்டுக் கை கழுவுவோம். மருந்தைக் காப்போம், அது நாளை ஒரு குழந்தையைக் காக்கும்.