இறக்குமதிக் கவிதையா?

யாங்கூனில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே பர்மியக் கவிதையின் போக்கைத் திருப்பியவர், 1958-இல் பிறந்த ஸேயார் லின். சில்வியா பிளாத், சிம்போர்ஸ்கா, ஜான் ஆஷ்பெரி ஆகியோரை அவர் பர்மியத்துக்குக் கொண்டுவந்தது, என் கணிப்பில், சொந்தக் கவிதைகளுக்குச் சற்றும் குறையாத சாதனை. நாடு பற்றியெரியும்போது வெளிநாட்டுச் சரக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், 2012 ஆகஸ்ட் வரை கவிதையும் தணிக்கையாளர் மேசையைத் தாண்டித்தான் அச்சேற வேண்டியிருந்தது. இருள், விடியல் போன்ற பழகிய குறியீடுகள் கவிஞரைவிடத் தணிக்கைக்காரருக்கு அத்துப்படி. உடைந்த வாக்கியமும் உரைநடைத் தொனியும் அவருக்குப் புதிது. நம்மூரில் 1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபின் வளர்ந்த புதுக்கவிதையும் இதே ஏச்சைத்தானே கேட்டது? ஸேயார் லின் கவிதைகள் 2012-இல் வந்த ‘போன்ஸ் வில் குரோ’ ஆங்கிலத் தொகுப்பில் இருக்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் கையிலெடுக்க வேண்டும்.