நோய்க்குக் கருணை உண்டா?

கொரோனா என்னும் தொற்று நோய் 2020, 2021-ம் வருஷங்களில் உலகத்தை ஆட்டி வைத்த காலத்தில், படித்தவர்கள் வாயிலும் படிக்காதவர்கள் வாயிலும் ஒரே ஆறுதல் வார்த்தை அடிபட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதாவது, எந்தக் கொள்ளை நோயும் முதலில் உக்கிரமாயிருக்கும், போகப்போகத் தானாகவே சாந்தமாகிவிடும் என்பதாகும். பக்தர்கள் இதற்குக் கடவுள் கருணை என்று பெயர் வைத்தார்கள். கடவுள் பெயரைச் சொல்ல வெட்கப்பட்ட சில படிப்பாளிகள் இயற்கையின் கருணை என்றார்கள். பெயர்தான் வேறே ஒழிய சரக்கு ஒன்றுதான்.

இந்தச் சரக்கை உரைத்துப் பார்க்க ஆஸ்திரேலியா தேசத்து முயல்களைவிட நல்ல உரைகல் கிடைப்பது அரிது. ஏனெனில், அங்கே ஒரு கொள்ளை நோயை மனிதனே கொண்டுபோய் விட்டு, விட்ட நாள் முதல் அதை அளந்து எழுதிக்கொண்டும் வந்திருக்கிறான். நாம் கல்லூரியில் இதைப் படித்தவர்களல்ல. புத்தகங்களை வாங்கிப் படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதையே எழுதுகின்றோம்.

அந்நாட்டிற்கு முயல் சொந்தப் பிராணியல்ல. 1859-ல் தாமஸ் ஆஸ்டின் என்ற நிலப்பிரபு, வேட்டை விளையாட்டிற்காக இங்கிலாந்திலிருந்து 24 முயல்களைத் தருவித்து, விக்டோரியாவிலுள்ள தம் பண்ணையில் விட்டார். அவை பெருகிப் புல்லையும் வெள்ளாமையையும் தின்று தீர்த்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை, மூன்று வேலிகளாக 3,000 கிலோமீட்டருக்கு மேல் போட்டுப் பார்த்தார்கள். முயல் வேலிக்கு அப்பாலும் போய்ச் சேர்ந்தது. பெரிய மனிதர்கள் விளையாட்டுக்குச் செய்ததற்குக் குடியானவன் வரி கொடுப்பது எந்தத் தேசத்திலும் வழக்கந்தான்.

கடைசியில் ‘மிக்சோமா’ என்னும் வைரஸ் கிருமியைத் தேடிப் பிடித்தார்கள். இது தென் அமெரிக்காவிலுள்ள வேறு ஜாதி முயலிடத்தில் வாழ்வது. அந்த முயலுக்கு இதனால் தோலில் ஒரு சிறு கட்டி வருவதோடு சரி. ஐரோப்பிய முயலுக்கு வந்தாலோ கண் இமை வீங்கி, முகம் வீங்கிச் சாவுதான். 1950-ல் முர்ரே ஆற்றுப் பள்ளத்தாக்கில் இதை விட்டார்கள். சில மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கொசுக் காலம் வந்ததும் ஆற்றோரமாகவே நோய் பாய்ந்து, பிடித்த ஆயிரம் முயலில் இரண்டோ மூன்றோதான் தப்பிற்று.

அச்சமயத்தில் அதே பிரதேசத்து மனிதருக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. முயல் கிருமியால்தான் வந்ததென்று ஜனங்கள் கலங்கினார்கள். பிராங்க் பென்னர், மக்பார்லேன் பர்னெட், இயன் கிளனிஸ் ராஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தக் கிருமியைத் தங்கள் உடம்பிலேயே குத்திக்கொண்டார்கள். ஒன்றும் நேரவில்லை. “நம்புங்கள்” என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் போகாமல், சொன்னதற்குத் தன் உடம்பையே ஜாமீன் வைக்கிறவனைத்தான் நாம் அறிவாளி என்கின்றோம். நிற்க.

இரண்டு மூன்று வருஷத்திற்குள் ஒரு மாறுதல் தெரிந்தது. நோய் கண்ட முயல்களில் பிழைப்பவை அதிகமாயின. இங்கேதான் பென்னருடைய புத்தியைக் கவனிக்க வேண்டும். கிருமி சாதுவாயிற்றா, முயல் கெட்டிப்பட்டதா என்று இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியே அளந்தார். காட்டிலிருந்து எடுத்த கிருமியை, இந்நோயையே அறியாத வளர்ப்பு முயலுக்குக் கொடுத்தால் கிருமியின் வேகம் தெரியும். ஒரே வேகமுள்ள கிருமியை வருஷா வருஷம் காட்டு முயலுக்குக் கொடுத்தால் முயலின் சக்தி தெரியும். பார்த்ததில் இரண்டுமே மாறியிருந்தன.

கிருமியை ஐந்து தரமாகப் பிரித்தார். முதல் தரம் நூற்றுக்கு 99-க்கு மேல் கொல்லும். 13 நாளுக்குள் முயல் செத்துப்போகும். செத்த முயலைக் கொசு கடிக்காது. ஆகவே அந்தக் கிருமியின் வியாபாரம் 13 நாளோடு மூடப்பட்டுவிடும். ஐந்தாம் தரத்தில் பாதிக்கு மேல் பிழைக்கும். ஆனால் தோலில் கிருமி சொற்பமாயிருப்பதாலும், புண் சீக்கிரம் ஆறுவதாலும் கொசு வாயில் ஒட்டுவது குறைவு. நடுத்தரமான மூன்றாம் தரமோ நூற்றுக்கு 70 முதல் 95 வரை கொல்லும். ஆனால் மூன்று நான்கு வாரம் இழுத்துக் கொல்லும். அத்தனை நாளும் கொசுவுக்கு விருந்து. அதனால்தான் சில வருஷத்தில் நாடு முழுவதும் இதுவே மலிந்தது. நூற்றுக்கு 70 பேரை, அதுவும் இழுத்து இழுத்துக் கொல்லுவதற்குக் கருணை என்று பெயரானால், கொலைக்கு என்ன பெயர் வைப்பது?

முயல் கதையும் அப்படியே. உரானா ஏரிப் பக்கத்து முயல்களில், ஒரே கிருமியால் முதலில் நூற்றுக்கு 90 செத்தன. ஏழு வருஷத்தில் ஏறக்குறைய 25-தான் செத்தன. எந்த முயலும் விரதமிருந்து வரம் வாங்கவில்லை. உடம்பு வாகினால் தப்பிய முயல் குட்டி போட்டது, தப்பாதது போடவில்லை. இந்த நோய் 1952-ல் பிரான்ஸிலும் 1953-ல் பிரிட்டனிலும் புகுந்தது. இம்மூன்று தேசத்திலும் நோய்க்கு முன்னிருந்த முயல்களின் உடல்களைக் காட்சிச்சாலைகளிலிருந்து எடுத்து, இன்றைய முயல்களோடு ஒப்பிட்டு 2019-ல் ஒரு ஆராய்ச்சி வெளிவந்தது. டார்வினிடமிருந்த முயல் ஒன்றும் அவற்றில் சேர்த்தி. மூன்று தேசத்திலும் பெரும்பாலும் அதே மரபணுக்களில் அதே மாறுதல்கள். அவை நோய் வருமுன்பே சில முயல்களிடம் அபூர்வமாய் இருந்தவை. இல்லாததை எவரும் புதிதாய் அருளவில்லை. இருந்த சிறுபான்மை பெரும்பான்மையாயிற்று, அவ்வளவுதான்.

சரி, அத்தோடாவது நோய் சாந்தமாயிற்றா என்றால் அதுவும் இல்லை. முயல் கெட்டிப்பட்டதும், சாதுவான கிருமியை அது சீக்கிரம் விரட்டிவிட்டது. ஆகவே வேகமுள்ள கிருமிக்கே மறுபடி யோகம் அடித்தது. 1990-களில் பிடித்து வைத்த கிருமிகளை நோயறியாத முயலுக்குக் கொடுத்துப் பார்த்ததில், அவற்றில் பல, நோயை எதிர்க்கும் சக்தியையே குலைத்துக் கொன்றன என்று 2017-ல் எழுதினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1995-ல் வார்டாங் என்னும் தீவில், முயலுக்கு ரத்தப்போக்கு உண்டாக்கும் வேறொரு வைரஸைச் சோதித்துக் கொண்டிருந்தபோது அது தப்பிக் கரையேறி நாடெங்கும் பரவிற்று. இது இரண்டு மூன்று நாளிலேயே கொல்லும். இதைப் பரப்புவதில் பிணத்தை மொய்க்கும் ஈக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பிணம் விழுந்தால்தான் ஈ வரும். பல வருஷம் ஆன பிறகு பரீட்சித்துப் பார்த்ததில் இந்தக் கிருமி சாதுவாகவில்லை. கொல்லும் வேகம் ஏறியே இருந்தது என்று 2014-ல் வெளியாயிற்று.

அதே தேசம், அதே முயல். ஒன்றுக்குக் கொசு வாகனம், மற்றொன்றுக்கு ஈ வாகனம். இயற்கையின் கருணை பேசும் படிப்பாளிகள் இந்த ஈயை எந்தக் கணக்கில் எழுதப் போகிறார்கள் என்றுதான் கேட்கின்றோம்.