புதிய பேச்சு சிகிச்சை மையம்: உரிமம் இருந்தால் மட்டும் போதுமா?

அமெரிக்காவில் பேச்சு சிகிச்சை தேவைப்படும் குழந்தைகளின் பெற்றோர் அடிக்கடி சந்திக்கும் நிலை ஒன்று உண்டு. வீட்டிற்கு அருகில் புதிய சிகிச்சை மையம் தொடங்கப்படுகிறது. சிகிச்சையாளரிடம் மாநில அரசின் உரிமம் இருக்கிறது. சிகிச்சைக்கான நேரமும் கிடைக்கிறது. ஆனால் குழந்தையின் மெடிக்கெய்ட் அட்டையைக் காட்டியதும், மெடிக்கெய்டில் மையத்தின் பதிவு இன்னும் முடியவில்லை என்ற பதில் வருகிறது. சில வேளைகளில் இந்தப் பதில்கூட முன்கூட்டியே கிடைப்பதில்லை. சிகிச்சை தொடங்கிச் சில வாரங்கள் கழிந்த பின் கட்டணச் சீட்டு வீட்டிற்கு வருகிறது.

சிகிச்சை அளிப்பதற்கான அனுமதியும், அதற்குரிய தொகையை மெடிக்கெய்டிலிருந்து பெறுவதற்கான பதிவும் தனித்தனியானவை. இரண்டையும் வெவ்வேறு அலுவலகங்கள் வெவ்வேறு விதிகளின்படி வழங்குகின்றன. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத காலத்தில் இழப்பு குடும்பத்தின் மீது விழுகிறது. இவ்விரு நடைமுறைகளையும், காத்திருக்கும் காலத்தில் குழந்தைக்குள்ள உரிமைகளையும், அண்மைச் சட்ட மாற்றங்களையும் இப்பக்கம் விளக்குகிறது.

மெடிக்கெய்ட் எதை ஏற்கிறது?

மெடிக்கெய்ட் 1965 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான திட்டம். குறைந்த வருமானம் உடையோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோரின் மருத்துவச் செலவைக் கூட்டாட்சி அரசும் மாநில அரசுகளும் பகிர்ந்து ஏற்கின்றன. திட்டத்தை நடத்துவது மாநில அரசு. எனவே ஒரு மாநிலத்தின் நடைமுறை மற்றொரு மாநிலத்திற்குப் பொருந்தாமல் போகலாம். முதியோருக்கான மெடிக்கேர் வேறு திட்டம். ஒரு மையம் மெடிக்கேரை ஏற்பதால் மெடிக்கெய்டையும் ஏற்கும் எனக் கொள்ளலாகாது.

21 வயதுக்குட்பட்டோருக்கு இத்திட்டத்தில் வலுவான பாதுகாப்பு உண்டு. முன்கூட்டியே பரிசோதித்தல், நோயறிதல், சிகிச்சை அளித்தல் ஆகியவற்றை உள்ளடக்கிய இப்பாதுகாப்பு 'இ.பி.எஸ்.டி.டி.' என அழைக்கப்படுகிறது. மருத்துவ முறையில் தேவை என உறுதியானால், பேச்சு சிகிச்சையை மாநிலம் குழந்தைக்கு வழங்கியாக வேண்டும். பக்கவாதம் முதலியவற்றால் பேச்சு பாதிக்கப்பட்ட பெரியவர்களுக்கு அவ்வாறன்று. அவர்களுக்குப் பேச்சு சிகிச்சையை வழங்குவது மாநிலத்தின் விருப்பத்திற்குரியது. வழங்கும் மாநிலங்களிலும் அமர்வுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கலாம்.

உரிமம் எதைக் காட்டுகிறது?

பேச்சு மற்றும் மொழி சிகிச்சைத் தொழிலை 50 மாநிலங்களும் வாஷிங்டன் டி.சி.யும் சட்டத்தால் ஒழுங்குபடுத்துகின்றன. முதுகலைப் பட்டம், மேற்பார்வையில் பெற்ற பயிற்சி, தேர்வு ஆகியவை பொதுவான தகுதிகள். 'ஆஷா' எனப்படும் அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் வழங்கும் சான்றிதழுக்கு 400 மணி நேர மருத்துவப் பயிற்சியும், பட்டத்திற்குப் பின் குறைந்தது 36 வாரங்களில் 1,260 மணி நேரப் பணிப் பயிற்சியும் தேவை. இச்சான்றிதழ் தொழில்முறைச் சங்கத்தால் வழங்கப்படுவது. மாநில உரிமத்திற்கு இது மாற்றாகாது.

மையத்தில் வேறு சில எண்களும் சான்றுகளும் காட்டப்படலாம். நகராட்சியின் வணிகப் பதிவு கடை நடத்துவதற்கான அனுமதி மட்டுமே. 'என்.பி.ஐ.' எனப்படும் 10 இலக்க எண், மருத்துவச் சேவை வழங்குவோருக்கான தேசிய அடையாள எண். இவற்றில் எதுவும் தகுதிச் சான்றும் அன்று. மெடிக்கெய்ட் பதிவும் அன்று.

உரிமத்தைச் சரிபார்ப்பது எளிது. மாநில உரிம வாரியத்தின் இணையதளத்தில் சிகிச்சையாளரின் பெயரைக் கொண்டு தேடினால், உரிமம் நடப்பில் உள்ளதா, எப்போது காலாவதியாகிறது என்பவற்றை அறியலாம். ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பதையும் பல வாரியங்கள் காட்டுகின்றன. இணையவழிச் சிகிச்சையாயின், சிகிச்சையின்போது குழந்தை எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, அந்த மாநிலத்தில் பணிபுரியும் அனுமதி சிகிச்சையாளருக்குப் பொதுவாகத் தேவை. மாநிலங்களுக்கிடையே இவ்வனுமதியை எளிதாக்கும் ஒப்பந்தத்தில் 30-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டமியற்றி இணைந்துள்ளன. ஆனால் அந்த ஒப்பந்தமும் பணிபுரியும் அனுமதியைப் பற்றியதே; மெடிக்கெய்ட் பதிவை அது தருவதில்லை.

மெடிக்கெய்ட் பதிவு ஏன் தாமதமாகிறது?

2010 ஆம் ஆண்டின் மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்திற்குப் பின், மெடிக்கெய்டில் சேரும் ஒவ்வொரு சேவையாளரையும் மாநிலம் ஆய்வு செய்ய வேண்டும். உரிமம் உண்மையானதா, மோசடி காரணமாக அரசுத் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டவரா, நிறுவனத்தின் உரிமையாளர் யார் என்பவை சரிபார்க்கப்படுகின்றன. இடர் மிகுந்த பிரிவுகளில் நேரடி ஆய்வும் கைரேகைப் பதிவும் உண்டு. குறைந்தது 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை இவ்வாய்வு மீண்டும் நடைபெற வேண்டும். பல மாநிலங்களில் மையத்திற்கு ஒரு பதிவும், அங்குப் பணிபுரியும் ஒவ்வொரு சிகிச்சையாளருக்கும் தனித்தனிப் பதிவும் தேவைப்படுகின்றன.

இதோடு பணி முடிவதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் மெடிக்கெய்ட் பயனாளிகள் தனியார் காப்பீட்டுத் திட்ட நிறுவனங்களின் வழியாகச் சேவை பெறுகின்றனர். அந்நிறுவனங்களின் சேவையாளர்களும் மாநிலத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2018 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. மாநிலப் பதிவுக்குப் புறம்பாக, ஒவ்வொரு திட்ட நிறுவனமும் தகுதியைத் தானே ஆராய்ந்து தனி ஒப்பந்தம் செய்கிறது. ஆகவே ஒரே மையம் ஒரு திட்டத்தை ஏற்று மற்றொன்றை ஏற்காத நிலை உருவாகிறது. மாநிலத்தின் ஆய்வு முடியும் முன்பே, 120 நாட்கள் வரை தற்காலிக ஒப்பந்தம் செய்துகொள்ளத் திட்ட நிறுவனங்களுக்கு விதி இடம் தருகிறது. எனினும் அவ்வாறு செய்வது கட்டாயமன்று.

பொதுப் பணத்தைப் போலிச் சேவையாளர்களிடமிருந்து காக்க இந்த ஆய்வு தேவைப்படுகிறது. ஆயினும் ஆய்வு நடைபெறும் மாதங்கள், பேசக் கற்கும் வயதிலுள்ள குழந்தைக்கு மிக முக்கியமான மாதங்கள். மெடிக்கெய்ட் வழங்கும் தொகை பெரும்பாலும் தனியார் காப்பீட்டின் தொகையைவிடக் குறைவு. நீண்ட பதிவு நடைமுறையும் குறைந்த தொகையும் சேரும்போது, சிறிய மையங்கள் மெடிக்கெய்டில் சேரவே தயங்குகின்றன. இதன் விளைவாக, உரிமம் பெற்ற சிகிச்சையாளர்கள் இருக்கும் ஊரிலும் மெடிக்கெய்ட் குழந்தைகள் காத்திருக்க நேர்கிறது.

முதல் அமர்வுக்கு முன் கேட்க வேண்டியவை

• என் குழந்தையின் அட்டையில் உள்ள இதே மெடிக்கெய்ட் திட்டத்தில் மையம் இணைந்துள்ளதா? எந்தத் தேதியிலிருந்து?
• சிகிச்சை அளிக்கவிருப்பவரும் பதிவு பெற்றவரா? அவர் சிகிச்சையாளரா, உதவியாளரா, பணிப் பயிற்சியில் உள்ளவரா? பின்னிருவராயின், மேற்பார்வையிடுபவர் யார்?
• பரிந்துரைத்த மருத்துவர் மெடிக்கெய்டில் பதிவு பெற்றுள்ளாரா? பரிந்துரை மருத்துவரின் பதிவின்மையாலும் தொகை மறுக்கப்படலாம்.
• முன் அனுமதி தேவையா? கிடைத்துவிட்டதா? எத்தனை அமர்வுகளுக்கு?
• மெடிக்கெய்ட் தொகை தர மறுத்தால், அச்செலவு யாரைச் சேரும்?

மையம் தரும் பதிலைத் திட்ட நிறுவனத்திடமும் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அட்டையின் பின்புறத்தில் உள்ள உறுப்பினர் சேவை எண்ணை அழைத்தால் போதும். அழைத்த தேதியையும், பேசியவரின் பெயரையும், அழைப்புக்கான பதிவு எண்ணையும் குறித்துவைத்தல் நலம்.

கையெழுத்திடும் முன்

மெடிக்கெய்டில் பதிவு பெற்ற சேவையாளர், மெடிக்கெய்ட் தரும் தொகையையே முழுக் கட்டணமாக ஏற்க வேண்டும். தம் வழக்கமான கட்டணத்திற்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைக் குடும்பத்திடம் கேட்க விதி இடம் தருவதில்லை. பதிவு பெறாத மையத்திற்கு இவ்விதி பொருந்தாது. அங்குச் சொந்தச் செலவில் சிகிச்சை பெறுவதாக ஒப்புக்கொள்ளும் படிவத்தில் கையெழுத்திட்டால், அத்தொகையைக் குடும்பமே செலுத்த நேரிடும்.

பதிவு வந்தபின் பழைய தேதிக்கும் தொகை கிடைத்துவிடும் என்று சில மையங்கள் கூறக்கூடும். சில மாநிலங்கள் பதிவை முந்தைய தேதியிலிருந்து செல்லுபடியாக்குகின்றன. எல்லா மாநிலங்களும் அவ்வாறு செய்வதில்லை. கிடைக்காவிட்டால் குடும்பத்திடம் கட்டணம் கேட்கமாட்டோம் என்பதை எழுத்தில் பெறாமல், வாய்மொழி உறுதியை நம்பிச் சிகிச்சையைத் தொடங்க வேண்டாம்.

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்யலாம்?

முதலாவதாக, பேச்சு தாமதமாகும் குழந்தைக்குச் செவித்திறன் பரிசோதனையை உடனே செய்துகொள்ளுங்கள். காது கேளாமை கண்டறியப்படாமல் இருந்தால் பேச்சு சிகிச்சையின் பயன் குறைந்துவிடும். இதற்காகப் புதிய மையத்தின் பதிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

3 வயதுக்குட்பட்ட குழந்தையாயின், மாநிலத்தின் தொடக்கநிலை உதவித் திட்டத்தைப் பெற்றோரே நேரடியாக அணுகலாம். மருத்துவரின் கடிதம் கட்டாயமன்று. விண்ணப்பித்ததிலிருந்து 45 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்து, குடும்பத்துடன் திட்டக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. 3 வயதைக் கடந்த குழந்தையாயின், உள்ளூர்ப் பள்ளி மாவட்டத்திடம் மதிப்பீடு கோரி எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். தகுதி உறுதியானால் பள்ளியில் பேச்சு சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கும். அது கல்வித் தேவையை ஒட்டியது. பள்ளியில் சிகிச்சை கிடைப்பதாலேயே, மருத்துவத் தேவைக்கான சிகிச்சையை மெடிக்கெய்டிடம் கோரும் உரிமை மறைந்துவிடாது.

அடுத்து, பதிவு பெற்ற வேறொரு சிகிச்சையாளரைக் கண்டறிந்து தருமாறு திட்ட நிறுவனத்திடம் கேளுங்கள். தன் பட்டியலில் உள்ளவர்களால் தேவையான சிகிச்சையை உரிய காலத்தில் அளிக்க இயலாவிடில், பட்டியலுக்கு வெளியே உள்ளவரிடம் அச்சிகிச்சையைப் பெற நிறுவனம் ஏற்பாடு செய்ய வேண்டும். பட்டியலைத் தந்துவிட்டு, நீங்களே தேடிக்கொள்ளுங்கள் என்று கூறுவதோடு அதன் கடமை முடிந்துவிடாது.

வீட்டில் தமிழ் பேசும் குழந்தைகளைப் பற்றிய குறிப்பு: இரு மொழிகளைக் கேட்டு வளர்வது பேச்சுத் தாமதத்திற்குக் காரணமன்று. தமிழில் பேசுவதை நிறுத்த வேண்டாம். குழந்தை அறிந்த இரு மொழிகளிலும் மதிப்பீடு செய்யுமாறு கேளுங்கள். மெடிக்கெய்ட் நிதி பெறும் சேவையாளர், தேவைப்படுவோருக்கு மொழிபெயர்ப்பாளரைக் கட்டணமின்றி ஏற்பாடு செய்ய வேண்டும்.

அண்மை மாற்றங்கள் யாரைப் பாதிக்கும்?

2024 ஜனவரி முதல், 19 வயதுக்குட்பட்ட குழந்தை மெடிக்கெய்டில் சேர்ந்தால், குடும்ப வருமானம் இடையில் உயர்ந்தாலும் 12 மாதங்கள் பாதுகாப்பு தொடரும். சிகிச்சை இடைவெளியின்றி நடைபெற இது பெரிதும் துணைசெய்கிறது. வழக்கமான முன் அனுமதிக் கோரிக்கைகளுக்குத் திட்ட நிறுவனங்கள் 14 நாட்களுக்குப் பதிலாக 7 நாட்களுக்குள் முடிவு தர வேண்டும் என்ற விதி, 2026-இல் தொடங்கும் ஒப்பந்த ஆண்டுகளிலிருந்து பொருந்துகிறது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் வேறு சில மாற்றங்களைக் கொண்டுவருகிறது. விரிவாக்கப் பிரிவில் உள்ள பெரியவர்களின் தகுதி, 2026 இறுதியிலிருந்து 6 மாதங்களுக்கு ஒருமுறை ஆராயப்படும். அவர்கள் மாதம் 80 மணி நேரம் பணி அல்லது அதற்கு இணையான ஈடுபாட்டைக் காட்ட வேண்டும் என்ற விதி 2027 ஜனவரிக்குள் நடைமுறைக்கு வரும். 13 வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கும், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்போருக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. விலக்குக்குச் சான்று கேட்கப்படலாம் என்பதால், குழந்தையின் நோயறிதல் அறிக்கையையும் சிகிச்சைக் குறிப்புகளையும் பாதுகாத்து வையுங்கள்.

விண்ணப்பத்திற்கு முந்தைய 3 மாதச் செலவுகளை ஏற்கும் வசதியும் 2027 ஜனவரி முதல் குறைகிறது. விரிவாக்கப் பிரிவினருக்கு 1 மாதமும், ஏனையோருக்கு 2 மாதங்களும் மட்டுமே கிடைக்கும். எனவே விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுவது செலவை உயர்த்தும். நிரந்தரக் குடியுரிமை அட்டை இல்லாமல் அகதி அல்லது புகலிடத் தகுதி மட்டும் பெற்றுள்ள பெரியவர்கள், 2026 அக்டோபருக்குப் பின் தம் தகுதி தொடர்கிறதா என்பதை மாநில அலுவலகத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். குடியுரிமை பெற்ற குழந்தையின் தகுதிக்குப் பெற்றோரின் விசா நிலை தடையாகாது.

சிகிச்சை மறுக்கப்பட்டால்

மறுப்பை எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். திட்ட நிறுவனத்தின் மறுப்பு அறிவிப்பு வந்த 60 நாட்களுக்குள் அந்நிறுவனத்திடமே மேல்முறையீடு செய்யலாம். அதன் முடிவும் பாதகமாக அமைந்தால், மாநிலத்தைப் பொறுத்து 90 முதல் 120 நாட்களுக்குள் மாநில அரசின் விசாரணையைக் கோரலாம். ஏற்கெனவே நடைபெறும் சிகிச்சை, அனுமதிக்காலம் முடியும் முன் குறைக்கப்பட்டாலோ நிறுத்தப்பட்டாலோ, அறிவிப்பு அனுப்பப்பட்ட 10 நாட்களுக்குள் கோரினால், முடிவு வரும் வரை அதனைத் தொடர வழியுண்டு. முடிவு பாதகமாயின், அக்காலச் செலவைத் திருப்பிக் கேட்கச் சில மாநிலங்கள் இடம் தருகின்றன என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். சிகிச்சை ஏன் தேவை என்பதை விளக்கும் மருத்துவரின் கடிதம் மேல்முறையீட்டிற்கு வலுச் சேர்க்கும்.

உடனடிக் கவனத்திற்கு

பெரியவர் ஒருவருக்குத் திடீரெனப் பேச்சு குழறினாலோ, முகம் ஒருபுறம் இழுத்தாலோ, ஒரு கை வலுவிழந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 911-ஐ அழையுங்கள். அறிந்த சொற்களைக் குழந்தை இழக்கத் தொடங்கினால், எந்த வயதாயினும் குழந்தைநல மருத்துவரைத் தாமதமின்றி அணுகுங்கள். இவ்விரு நிலைகளிலும் பேச்சு சிகிச்சை மையத்தைத் தேடும் முன் மருத்துவப் பரிசோதனை நடைபெற வேண்டும்.