அட்டையைக் காட்டினால் போதுமா?

குமரி மாவட்டத்து மீன்பிடித் துறைகளான குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் அடையாள அட்டைச் சோதனையை இறுக்கிவிட்டால் கடலோரம் பத்திரமாகிவிடும் என்று வாதிடுபவர்கள், 2008 மும்பைத் தாக்குதலைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். அந்தச் சாட்சி அவர்களுக்கு எதிராகத்தான் பேசும். தாக்கியவர்கள் வந்த 'குபேர்' குஜராத்து மீன்பிடிப் படகு, நடுக்கடலில் கடத்தப்பட்டது. கரையில் எத்தனை அட்டை பார்த்திருந்தாலும் அது தப்பியிருக்காது.

"கப்பல் பாதுகாப்புக்குப் பன்னாட்டு விதி இருக்கிறதே" என்பார்கள். 2004 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்த விதி, வெளிநாடு போகிற கப்பலுக்கு. சரக்குக் கப்பல் என்றால் மொத்தக் கொள்ளளவு 500 டன்னும் அதற்கு மேலும். சின்ன இழுவைப் படகும் நம் விசைப்படகும் அந்தக் கணக்கிலேயே வராது. மிஞ்சுவது ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் நடக்கும் ஆய்வு. பதிவெண், வண்ணம், உயிர்காப்பு மிதவை எல்லாம் பார்க்கட்டும், வேண்டியதுதான்.

ஆனால் 2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். படகின் வி.எச்.எஃப். வானொலி சில பத்து மைலோடு ஓய்ந்துவிடும்; எச்சரிக்கை பலருக்குப் போய்ச் சேரவே இல்லை. கடத்தப்பட்டாலும் புயலில் சிக்கினாலும் கரைக்குச் சொல்ல வேண்டியது செயற்கைக்கோள் கருவிதான். ஆய்வாளர் முதலில் அதைப் போட்டு, கரையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கட்டும். அட்டையை அப்புறம் கேட்கலாம்.